மஞ்சள் முடிச்சில் இருந்த ரூபாய்

தர்மபுரியில் பழைய நாணயம் வாங்கி விற்பது என் தொழில். மொபைலில் வீடியோ பார்த்துவிட்டு, எழுத்து இரட்டையாக விழுந்த காசு லட்சத்துக்குப் போகும் என்று நம்பி வருகிறவர்கள் இப்போது அதிகம். பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் அப்படித்தான் வந்தார்கள். மகள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். சேலத்துக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்களாம். கையில் ஒன்றும் இல்லை.

கணவர் மஞ்சள் துணியைப் பிரித்து ஒரு ரூபாயை வைத்தார். மகளுக்காகத் தீர்த்தமலை சாமிக்கு முடிந்து வைத்த காசு. எழுத்தெல்லாம் மஞ்சள் அப்பியிருந்தது. துடைக்கத் துணியை எடுத்தேன்.

"தொடைக்காதீங்கண்ணா, சாமி மஞ்சள்" என்றார் அந்த அம்மா.

"முடிச்சையே அவுத்தாச்சு. இனி மஞ்ச இருந்தா என்ன, போனா என்ன?" என்றார் கணவர்.

"அவுத்தது நீங்க."

துடைக்காமலே லென்ஸை வைத்தேன். காசு அடிக்கிற அச்சை டை என்போம். டையிலேயே எழுத்து இரண்டு தரம் பதிந்திருந்தால்தான் நிஜ இரட்டை. இரண்டும் உருண்டு நிற்கும், நடுவில் பிளவு தெரியும். டை தேய்ந்துபோனால் எழுத்து வீங்கி மழுங்கும். அடிக்கும்போது ஆடினால் ஓரம் படி மாதிரி தட்டையாக நசுங்கும். இவற்றுக்கு விலை கிடையாது.

நிஜ இரட்டையென்றால் பிளவுக்குள் மஞ்சள் தங்கியிருக்கும். வெளிச்சத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். எங்கேயும் தங்கவில்லை.

"டை ஆடினதுங்க. ஒரு ரூபாய்தான்."

"வீடியோல இதே மாதிரிதான காட்டுனாங்க?"

"காட்டுவாங்க. வாங்க வரமாட்டாங்க."

அவர் வெளியே போய் நின்றுகொண்டார். அந்த அம்மா காசைத் திரும்ப முடிந்தார்.

"அவுத்தத மறுபடி முடிஞ்சா சாமி ஏத்துக்குங்களாண்ணா?"

"ஏத்துக்கும்மா" என்றேன். லென்ஸில் தெரிகிறதைத்தான் நான் சொல்ல முடியும். இதற்கு வேறென்ன சொல்வது?

ஐப்பசியில் கணவர் மட்டும் வந்தார். கையில் அதே முடிச்சு.

"பொண்ணு போயிருச்சுங்க. ஆனாலும் காசு சாமியோடதுதான? மலையேற எங்களுக்குக் காலு வரல. நீங்க போறப்ப உண்டியல்ல போட்டுருங்க."

அவிழ்க்காமல் போட்டேன். சாமி முன்னால் நின்றேன், எதையும் கேட்கத் தோன்றவில்லை.

இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிகளே, லென்ஸை எடுக்குமுன் காசு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். முடிந்து வைத்த காசைக் கொண்டுவர வேண்டாம் என்று கடை வாசலில் எழுதி வைத்திருக்கிறேன். யாரும் படிப்பதில்லை. போன வாரமும் ஒரு பெரியவர் மஞ்சள் துணியோடு வந்தார். பிரிக்குமுன் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.