பூம்பாறை வரப்பில் ஓர் எருக்குவியல்

மேடத்தின் ரெக்கார்டர் என் வாடகை ஜீப்பின் டேஷ்போர்டில்தான் கிடக்கிறது. மூடுபனி இறங்கும் நாட்களில் அதைப் பார்க்கவே பயமாக இருக்கும். பார்க்காமலும் இருக்க முடியாது.

மேடம் டென்மார்க்கின் மேற்குக் கடற்கரைக்காரர். கொடைக்கானலில் வீடு எடுத்துத் தங்கி, தன் அப்பாவின் வட்டாரப் பேச்சைப் பற்றிப் புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். தன் ஊர்ப் பனி மாதிரியே இருக்கும் எங்கள் பனிக்குள் நடந்தால்தான் அந்தப் பேச்சு நாக்கில் வருமாம். பள்ளிக்கூட டேனிஷில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் இரண்டில் ஒரு பால் உண்டு. காரணம் கேட்காமல் மனப்பாடம் செய்ய வேண்டும். அவர் ஊரில் அப்படி இல்லை. உருவத்தோடு தனியாக நிற்பது 'டென்'. அள்ளவும் ஊற்றவும் கூடியது 'டே'. ஒரு பூண்டு டென். தண்ணீர் டே, மண் டே, இந்தப் பனியும் டே. கண்ணில் படுவதையெல்லாம் அப்படிச் சொல்லிப் பதிவு செய்தபடியே நடப்பார். வேலையற்ற வேலை என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

அன்று பூம்பாறையில் என் செருப்பே எனக்குத் தெரியாத அளவுக்குப் பனி. வரப்போரம் கருப்பாக ஏதோ தெரிந்தது. வயலுக்கு வயல் எரு கொட்டியிருந்த சமயம். மேடம் கையை நீட்டிக்கொண்டே அதனிடம் போனார். "டே" என்றார்.

எரு மூச்சு விட்டது.

கீழ் வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த அக்கா அடங்கிய குரலில், "யாத்தே, காட்டுமாடுங்க! ஓடிராதீங்க, அசையாம நில்லுங்க!" என்றார்.

ஜீப்புக்குள் இருந்து எத்தனையோ காட்டுமாடு பார்த்தவன் நான். நடுவில் கதவு இல்லாமல் பார்த்தது அன்றுதான். மேடத்தின் கை கொம்புக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. இழுத்தால் மாடு மிரளும், அப்படியே வைத்திருந்தால் குத்திவிடும். செத்தோம் என்றே நினைத்தேன். அப்போது மேடத்தின் உதடு மட்டும் அசைந்தது. "டென்."

மாடு ஒரு சீறல் சீறிவிட்டுச் சோலைப் பக்கம் திரும்பியது. மேடம் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

"உசுரு போற நேரத்துலயும் திருத்தம் பண்ணுவீங்களா, மேடம்?" என்று வண்டியில் கேட்டேன்.

"தப்பா சொன்னா அப்பா திட்டுவாங்க, தம்பி" என்றார்.

ஊருக்குத் திரும்பிய மேடம் போன மழைக்காலத்தில் இறந்துபோனார். அவர் மகள்தான் ரெக்கார்டரை எனக்கு அனுப்பிவைத்தார்.

இப்போது வளைவில் பனி. நடுரோட்டில் கருப்பாக ஏதோ கிடக்கிறது. "கெளம்புங்கண்ணே, வெறும் மண்ணு சரிஞ்சு கெடக்கு" என்கிறார் பின்சீட்டுக்காரர். ரெக்கார்டரில் அன்றைய பூம்பாறைப் பதிவை ஓடவிடுகிறேன். மேடம் "டே" என்கிறார். அடுத்த சொல்லுக்காக, பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் காத்திருக்கிறேன்.