மேம்பாலம் ஏறாத கார்

தொம்மலூர் மேம்பாலத்தின் ஏற்றத்தில் கார் இருமி இருமி நின்றுபோனபோதுதான் அந்த யோசனை பளிச்சென்று வந்தது: இதை நானே பிரித்துப் பார்த்தால் என்ன? பின்னால் ஹாரன்கள் அலறிக்கொண்டிருந்தன. பக்கத்து இருக்கையில் என் மனைவி, முன்பின் தெரியாத யாருடைய காரிலோ லிஃப்ட் கேட்டு ஏறியவளைப் போல, வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களைச் சுற்றிக்கொண்டு போன ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "சார், அதுக்கு வயசாயிடுச்சு. பாவம், விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரம் ஆறவிட்டு, முதல் கியரில் ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தோம். படியேறும்போதே தீர்ப்பு வந்துவிட்டது.

"அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க அம்மா கிருஷ்ணகிரியிலிருந்து வராங்க. மடிவாளா பஸ் ஸ்டாப்புல கூட்டிக்கிட்டு இதே பாலத்துல வரணும். ஏறிடுச்சுன்னா வெச்சுக்கோ. நின்னுச்சுன்னா வித்துடறோம். ஓகேவா?"

"ஓகே" என்றேன். வேறென்ன சொல்வது? போன வருஷம் ஆபீஸ் நண்பர் ஒருவரிடமிருந்து இந்தக் காரை நான் வாங்கியதே அவளுக்குப் பிடிக்கவில்லை. என் வாதம் ஒன்றுதான்: இந்தக் காலத்துக் கார்களில் பானெட்டைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் மூடிதான் தெரியும். இதில் எல்லாமே கண்ணுக்குத் தெரியும், கைக்கும் எட்டும். கார்புரேட்டர் வைத்த வண்டி. "கைக்கு எட்டறதுக்குத்தான் வாங்கினியா, ஓட்டறதுக்கு இல்லையா?" என்று அவள் அப்போதே கேட்டாள்.

நோய் விசித்திரமானது. வீட்டு வாசலில் நிற்கும்போது எஞ்சின் சமர்த்தாக ஓடும். சமதளத்திலும் பெரிய குறையில்லை. ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மட்டும் பிக்கப் செத்து, மிஸ்ஸிங் அடித்து, நின்றுவிடும். எனக்கு இது பழகிய தொல்லை போலவே இருந்தது. ஆபீஸில் நாங்கள் எழுதும் மென்பொருளும் எங்கள் மேஜையில் ஒழுங்காக ஓடி, ஆள்கூட்டம் வந்ததும்தான் படுத்துக்கொள்ளும்.

சனிக்கிழமை காலை ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினேன். எல்லாவற்றின் முனையும் கரி. இரவு முழுக்க யூடியூபில் பாடம் கேட்டவன் என்பதால் உடனே புரிந்துவிட்டது: உள்ளே பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. சந்தோஷத்தில் கரி பிடித்த விரலோடு சமையலறைக்கே ஓடிப்போய்க் காட்டினேன். "சூப்பர். கதவைத் தொடாதே" என்றாள்.

பெட்ரோல் அதிகம் என்றால் பெட்ரோலைக் குறைப்பதுதானே நியாயம்? பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரில் அதற்கென்று ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. கொஞ்சம் திருகினேன். தெருமுனை ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தேன், மாற்றமில்லை. இன்னும் கொஞ்சம் திருகினேன். பிளக்குகளைப் புதிதாகப் போட்டேன். மறுபடி திருகினேன். மத்தியானத்துக்குள் அந்த ஸ்க்ரூ முதலில் எங்கே இருந்தது என்று அதற்கே தெரியாது.

அவள் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். அவளும் மென்பொருள்காரிதான். ஆனால் எழுதுவது அவள் வேலையல்ல. மற்றவர்கள் எழுதியதில் ஓட்டை கண்டுபிடிப்பதுதான் அவள் வேலை.

"பெட்ரோல் ஜாஸ்தியா, காத்து கம்மியா? ரெண்டுல ஏதோ ஒண்ணுதானே?"

"ஆமா."

"நீ பெட்ரோலையே நோண்டிட்டிருக்கே. காத்துப் பக்கம் பாத்தியா?"

"ஏர் ஃபில்டர் புதுசு. ஆயுத பூஜைக்கு முன்னாடி நான்தான் மாத்தினேன்."

"அதனாலதான் கேக்கறேன்."

அவள் சொன்னது தவறு என்று நிரூபிப்பதற்காகவே ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தேன். ஃபில்டர் சுத்தமாக, நான் வைத்தபடியே இருந்தது. வெற்றிப் புன்னகையோடு நிமிர்ந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. டப்பாவுக்குக் காற்று வரும் குழாய்க்குள் டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள என்னமோ இருக்குடா."

இரண்டு விரலை விட்டு இழுத்தேன். நூலில் கட்டிய செவ்வந்திப் பூக்கள், காய்ந்து, டீத்தூள் நிறத்தில் உருண்டையாக வந்தன. அதற்குப் பின்னால் ஒரு மாவிலை. காய்ந்தும் தோல் மாதிரி கெட்டியாக இருந்தது. எஞ்சின் சாதாரணமாக மூச்சு விடும்போது இலை ஓரமாகக் கிடந்திருக்கிறது. ஏற்றத்தில் பலமாக இழுக்கும்போது மட்டும் வந்து குழாயை அடைத்திருக்கிறது.

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் காருக்குப் பூஜை செய்தது, ஊரிலிருந்து வந்திருந்த ஒரே ஆள். நானும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"உங்க அம்மா" என்றேன் மெதுவாக.

"தெரியும். ஒண்ணும் பேசாதே."

ஞாயிற்றுக்கிழமை மடிவாளாவில் அத்தை ஒரு பெரிய பையோடும், பைக்குள் முறுக்கோடும் ஏறிக்கொண்டார். தன் அம்மா பின்னால் உட்கார்ந்ததும் என் மனைவி வழக்கம்போல 'டா'வை விட்டுவிட்டு 'நீங்க, வாங்க' மரியாதைக்கு மாறினாள். அந்த மரியாதையைக் கண்டால்தான் எனக்கு எப்போதும் பயம். கோரமங்கலா தாண்டி மேம்பாலம் தெரிந்ததும், "போங்க, பாப்போம்" என்றாள்.

மிதித்தேன். இருமல் இல்லை. இரண்டாவது கியரிலேயே கார் இழுத்துக்கொண்டு ஏறியது. பாலத்தின் உச்சியில், ஜெயித்த மயக்கத்தில் நான் இருந்தபோது, ஒன்றும் பேசாதே என்று எனக்கு உத்தரவிட்டவளே திரும்பி, "அம்மா, பூஜையன்னிக்கு எஞ்சினுக்குள்ள பூ வெச்சியா?" என்று கேட்டுவிட்டாள்.

"ஆமாடி. வெளிய மாலை போட்டா போதுமா? வேலை செய்யறது உள்ள இருக்கறதுதானே. பூ செருகறதுக்குன்னே வாயைத் தொறந்துட்டு ஒரு குழாய் இருந்துச்சு."

"அது வண்டி மூச்சு விடற குழாய்ம்மா. அதனாலதான் இத்தனை நாளா பாலம் ஏறல."

அத்தை பையைத் திறந்தார். "அப்ப நல்லதுதான் நடந்திருக்கு. வண்டி ஏறவும் இல்ல, வேகமாப் போகவும் இல்ல, எங்கயும் இடிக்கவும் இல்ல. மாப்ள, முறுக்கு சாப்பிடறீங்களா?"

சிரித்துக்கொண்டே பாலத்தை விட்டு இறங்கி சிக்னலில் நின்றேன். வரும் வழியில் சிக்னல்களில் லேசாக உதறிய கார், இப்போது ஒருமுறை பலமாக நடுங்கியது. அணைந்துவிட்டது.

இந்த முறை பூவைக் குறை சொல்ல முடியாது. காற்று போதாமல் இருந்த எஞ்சினுக்கு நான் பெட்ரோலையும் திருகித் திருகிக் குறைத்திருந்தேன். இப்போது காற்று தாராளமாக வருகிறது, பெட்ரோல் போதவில்லை. அந்த ஸ்க்ரூவின் ஆட்சி வண்டி நிற்கும்போது மட்டும்தான்: மிதித்தால் ஓடுகிறது, காலை எடுத்தால் அணைகிறது.

"வித்துடலாமா?" என்றாள், மிக மரியாதையாக.

"பாலம் ஏறணும்னுதானே பேச்சு? ஏறிடுச்சே. சிக்னலைப் பத்தி யாரும் பேசலையே."

"அம்மா, நீயே சொல்லு. இந்த வண்டி வேணுமா?"

அத்தை முறுக்கைக் கடித்தபடி இருவரையும் பார்த்தார். "நான் அடுத்த ஞாயிறு ஊருக்குத் திரும்பணும். பஸ்ல இடுப்பு போயிடுது. மாப்ள அதுக்குள்ள சரி பண்ணட்டும், இதுலயே கிருஷ்ணகிரி போயிடலாம். வழியில நின்னுச்சுன்னா அங்கயே வித்துட்டு நீங்க ரெண்டு பேரும் பஸ்ல வந்துடுங்க."

அப்பீல் கிடையாது. ஆகவே வருகிற சனிக்கிழமை, எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டு, அந்த ஸ்க்ரூவை மெல்ல முழுக்க மூடி, அங்கிருந்து அரை அரைத் திருகாகத் திறந்து, சத்தம் சீராகும் இடத்தைக் காதால் பிடிக்கப் போகிறேன். டார்ச் பிடிக்க அவள் சம்மதித்துவிட்டாள். ஒவ்வொரு திருகலுக்கும் அடையாளம் வைக்க அவளுடைய நகப்பூச்சைக் கேட்டிருக்கிறேன். எந்த நிறம் என்று மட்டும் இன்னும் முடிவாகவில்லை.