ஒன்பதாம் நம்பர் ஃபிட்டர்

ஆல்டோவின் விசாவில் ஃபிட்டர் என்று போட்டிருந்தது. அவன் ஸ்பானர் பிடித்து ஒருத்தரும் பார்த்ததில்லை. தூத்தூர்க் கடற்கரை மணலில் வெறுங்காலோடு பந்து உதைத்து வளர்ந்தவன். கோயில் திருவிழா டோர்னமென்டில் அவன் ஒரே ஆட்டத்தில் நாலு கோல் போட்டதை, லீவில் வந்திருந்த எவனோ வீடியோ எடுத்து ஓமானில் இருக்கும் சோஹாருக்குக் கொண்டுபோனான். அங்கே கம்பெனி மேனேஜர் பாஸ்கருக்கு ஃபுட்பால் பைத்தியம். மூன்றே மாதத்தில் விசா வந்துவிட்டது. அது 2002.

கம்பெனிகளுக்குள் நடக்கும் லீகில் ஒன்பதாம் நம்பர் ஜெர்சி போட்டு நாலு சீசன் ஆடினான். எழுபத்தொரு கோல்! மற்றவர்கள் சைட்டில் வெந்து கொண்டிருக்கும்போதே மூன்று மணிக்கு அவனை கிரவுண்டுக்குக் கூட்டிப்போக வண்டி வந்துவிடும். ஃபோர்மேன் கலீலுர் ரஹ்மானுக்கு மட்டும் பொறுக்கவில்லை. "கோலு சோறு போடாதுப்பா, கொஞ்சம் வேலையும் பழகிக்க" என்பார். ஆல்டோ துரை கேட்டால்தானே! நெஞ்சு நிமிர்த்தி நடந்தான்.

2006 செமிஃபைனலில் வலது கால் முட்டு பிசகியது. பாஸ்கர் ரூமுக்கே வந்து கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஃபைனல் மட்டும் ஆடிக் குடுத்துடு ஆல்டோ. அப்புறம் உன்னை ஸ்டோர்ல உக்கார வெச்சுடறேன். இது என் வாக்கு."

ஊசி போட்டுக்கொண்டு ஆடினான். ஜெயிக்க வைத்த கோலும் அவனுடையதுதான். அதோடு முட்டு போயிற்று. கப்பு ஆபீஸ் கண்ணாடி அலமாரிக்குப் போனது. ஆல்டோ இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தான். இனி பந்தைத் தொடக்கூடாது என்றார் டாக்டர். அந்தக் காலோடு கடலுக்கும் போக முடியாது, சைட்டிலும் ஏற முடியாது. ஊரில் மனைவி ரினியும் கைக்குழந்தையும். ஸ்டோர் நாற்காலி ஒன்றுதான் கதி.

கேட்கப் போனான். பாஸ்கர் அவன் முகத்தைப் பார்க்காமலே பேசினார்.

"ஹெட் ஆபீஸ்ல ஆளைக் குறைக்கச் சொல்றாங்க. ஒண்ணு பண்ணு. உன் தம்பி நல்லா ஆடுவானாமே? வரச் சொல்லு. அவன் வந்து இறங்கற அன்னைக்கே ஸ்டோர் சாவி உனக்கு."

தம்பி அபிலாஷ் ஐடிஐயில் ஃபிட்டர் படித்துக்கொண்டிருந்தான். ஆறு மாதம் பாக்கி. எழுபத்தொரு கோல் போட்டவனைத் தின்றது போதாது, தம்பியும் வேண்டுமாம் இவர்களுக்கு! ஆல்டோ மூன்று நாள் மனதுக்குள் பாஸ்கரின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தான். வெள்ளிக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஊருக்குப் போன் போட்டான்.

"லே மக்கா, ஒனக்கு விசா ரெடியாக்கும். வா."

"படிப்பு முடிய இன்னும் ஆறு மாசந்தானே அண்ணா?"

"அதுவர விசா காத்துக் கெடக்குமாலே? இஞ்ச வந்தா ராசா கணக்கா இருக்கலாம்."

சொன்னான், பாவி. தன் வாயாலேயே சொன்னான்.

பாஸ்கர் இந்த முறை வாக்குத் தவறவில்லை. அபிலாஷ் வந்த மறுநாள், ஸ்டோர் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆல்டோ அவனுக்குப் புது பூட்ஸ் எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினான். அபிலாஷ் அங்கேயே அதை மாட்டிக்கொண்டு துள்ளிப் பார்த்தான்.

"இஞ்ச எத்தன வருசம் ஆடலாம் அண்ணா?"

"முட்டு இருக்கது வரைக்கும்."

அண்ணன் வேடிக்கை பேசுகிறான் என்று அபிலாஷ் விழுந்து விழுந்து சிரித்தான். ஆல்டோ அவனைச் சிரிக்க விட்டான். விளக்கிச் சொல்லியிருந்தால் அவன் அன்றைக்கே திரும்பிப் போயிருப்பான், சாவியும் போயிருக்கும்.