காலி கோலும் கோச்சின் வேலையும்

மூக்கண்டப்பள்ளியில் இருக்கும் எங்களுக்குப் பக்கத்துக் கல்லூரியின் ஹாக்கி டீம்தான் சொந்த டீம். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரும் அதில் இல்லை. ஃபாக்டரியில் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வரும் வழியில் மைதானம் இருக்கிறது, அவ்வளவுதான் உறவு. ஆனால் கத்துவதில் பெற்றவர்கள் எங்களிடம் பிச்சை வாங்க வேண்டும்.

இந்த வருஷ ஃபைனலுக்கு வேன் பிடித்து பெங்களூருக்கே போனோம். ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் எங்கள் கோச் கோல்கீப்பரை வெளியே அழைத்துவிட்டு, கோல் அடிக்க இன்னொருவனை இறக்கினார். எங்கள் கோல் காலி! சாப்பாட்டுப் பையோடு எழுந்து அந்தக் காலி கோலைப் பார்த்து ஓடினேன். என் தொப்பையை வைத்தே அடைத்துவிடலாம் என்று நினைத்தேனோ என்னவோ. அம்பயர் முறைத்ததும், தொலைந்த செருப்பைத் தேடுகிறவன்போலக் குனிந்து திரும்பினேன். அதற்குள் எதிரணி அடித்த பந்து உள்ளே உருண்டுவிட்டது; இரண்டு கோலில் தோற்றோம்.

மறுநாள் டீக்கடையில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. எங்கள் லைனில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்கார ஃபிட்டர்தான் தலைவன்.

“அண்ணே, கோச்ச மாத்தச் சொல்லி பிரின்சிபாலப் பாக்கப் போறோம். நீங்கதான் பேசணும். ஒங்களுக்குத்தான வாய் இருக்கு.”

“வாய் இருக்குடா, அதுக்குக் கீழ எல்லாம் நடுங்குதே.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷம் இதே மனுஷர் இதே மாதிரி கோல்கீப்பரை வெளியே எடுத்துத்தான் ஜெயித்தோம். ‘என்னா மூளை!’ என்று மாலை போட்டதும் இதே கும்பல்தான். கீப்பரை எடுக்காமல் ஒரு கோலில் தோற்றிருந்தால் மட்டும் கோப்பையைப் பாதி வெட்டிக் கொடுப்பார்களா?

“ஏன்டா, நம்ம லைன்ல பீஸு ரிஜெக்‌ஷன் வந்தா என்னா பண்றோம்? மெட்டீரியலப் பாரு, மெஷினப் பாரு, கடைசியா ஆபரேட்டரக் கேளுங்கறோம். சூப்பர்வைசர் நேரா ஆபரேட்டர் மேல பாஞ்சா மொதல்ல சண்டைக்குப் போறது யாரு? நீதான?”

“அது வேலைண்ணே. இது ஹாக்கி.”

“அந்தாளுக்கு ஹாக்கிதான்டா வேலை! அதுவும் வருஷா வருஷம் கான்ட்ராக்ட். நம்ம வாயால அது போகணுமா?”

யாரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை என்னையே முன்னால் தள்ளிக்கொண்டு போனார்கள். பிரின்சிபால் உட்காரச் சொன்ன பதற்றத்தில் நாற்காலியின் கைப்பிடியில் உட்கார்ந்தேன்.

“கோச்சப் பத்திப் பேசணுமாமே?”

ஃபிட்டர் முதுகில் இடித்தான். ஜன்னல் வழியே மைதானமும் அதில் நிற்கும் காலேஜ் பஸ்களும் தெரிந்தன. அவ்வளவுதான், பயம் போய்க் கோபம் வந்துவிட்டது.

“கோச் தப்பு பண்ணல சார். ஃபைனல் டர்ஃப்ல, செயற்கைப் புல்லுல. நம்ம பசங்க பழகறது மண்ணுல. அதுலயும் பாதியில உங்க காலேஜ் பஸ்ஸு நிக்குது. மெஷினே இல்லாம ஆபரேட்டரத் திட்டினா எப்படி சார்?”

பிரின்சிபால் மற்றவர்களைப் பார்த்தார். “அப்ப கோச்ச மாத்த வேணாமா?”

ஃபிட்டர் ஜன்னலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். “பஸ்ஸ எடுத்துட்டு... ஒரு வருஷம் பாக்கலாம் சார்.”

கோச்சுக்கு ஒரு வருஷம் கிடைத்தது. பஸ்களை மட்டும் யாரும் அசைக்கவில்லை. அடுத்த ஆட்டத்தில் தோற்றால் அவரைக் கேட்பார்களாம். பஸ்ஸை நிறுத்தச் சொன்னவரை யார் கேட்பது?