இருபதாம் நம்பர் நூலும் எங்கள் அக்காவும்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பாதிப் பேர் எங்கள் அக்காவை நூல் திருடி என்று பேசியவர்கள். ஓராண்டு நினைவு நாளில் இப்படியா தொடங்குவது என்று முகம் சுளிப்பீர்கள். தாராளமாகச் சுளியுங்கள்.

அக்கா பிறந்தது கீழப்பாவூரில். வாழ்க்கைப்பட்டது வீரகேரளம்புதூரில். அத்தான் சின்ன வயதிலேயே காலமாகிவிட, கைக்குழந்தையோடு தறியில் உட்கார்ந்தார். தறியும் நூலும் கொடுத்தவர் அத்தானுடைய அண்ணன். பெரிய அத்தான் என்று நாம் எல்லோரும் மரியாதையாக அழைப்பவர். சீசன் தொடங்கினால் குற்றாலத்துக் கடைகளுக்கு ஈரிழைத் துண்டு போடுவது அவருடைய வியாபாரம். அந்தத் தறியில்தான் அக்கா மகனை வளர்த்துப் பட்டாளத்துக்கு அனுப்பினார். யாரிடமும் கை நீட்டவில்லை.

நூலின் கனத்தை நம்பரால் சொல்வார்கள். நம்பர் ஏற ஏற நூல் சன்னமாகும். துண்டுக்கு இருபதாம் நம்பர் வேண்டும். சந்தேகம் வந்தால் தறிக்காரர்கள் பழைய நூலில் ஓர் இழையையும் புது நூலில் ஓர் இழையையும் ஒன்றுக்குள் ஒன்று மாட்டி முறுக்குவார்கள். இணைந்த இடத்தில் நகத்தை ஓட்டினால், ஒரே கனம் என்றால் வழுக்கிக்கொண்டு போகும், இல்லையென்றால் தட்டும்.

ஒரு வருடம் சீசன் தொடங்கும் முன்பு புது நூல் கட்டு வந்தது. அக்கா முறுக்கிப் பார்த்தார்.

"அத்தான், இது இருபது இல்ல. சன்னமா இருக்கு. நெய்ஞ்சா துண்டு சல்லடையாத்தான் வரும்."

"லேபிள்ல இருபதுன்னு அச்சடிச்சிருக்கான். மில்லுக்காரனுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிட்டோ? பேசாம நெய்யி."

நெய்தார். சல்லடையாகத்தான் வந்தது. கடைக்காரர்கள் துண்டுகளைத் திருப்பி அனுப்பினார்கள். அன்றே பெரிய அத்தான் கதையை மாற்றிவிட்டார். தான் நல்ல நூல் கொடுத்ததாகவும், அக்கா அதை விற்றுவிட்டு மட்டமான நூலைப் போட்டு நெய்ததாகவும் ஊரெல்லாம் சொன்னார். நீங்கள் நம்பினீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் படம் போட்டு நம்பினீர்கள்.

அடுத்த பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் எல்லோரும் கூடியபோது, சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னீர்கள். அக்கா மறுத்தார். முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த பழைய நூல் இழை ஒன்றையும், பெரிய அத்தான் கொடுத்த கட்டில் மில் லேபிள் பிரியாமல் மிச்சமிருந்த நூலையும் எடுத்து நீட்டினார்.

"நூலு தடியா சன்னமான்னு கையில தெரியும். அதுக்கு என்னத்துக்குச் சாமி? யாராவது முறுக்கிப் பாருங்க."

அங்கிருந்தவர்களில் எத்தனையோ பேர் தறியில் வளர்ந்தவர்கள். ஒருவரும் கையை நீட்டவில்லை. தொட்டால் பெரிய அத்தானைப் பகைத்துக்கொள்ள வேண்டும். நான் வாங்கி முறுக்கினேன். நகம் தட்டியது. "தங்கச்சி வேற எப்படிச் சொல்லுவா?" என்று சிரித்தீர்கள். சூடம் அணைக்க மறுத்தவள் திருடிதான் என்று முடிவு கட்டிவிட்டுப் பொங்கல் சாப்பிடப் போனீர்கள். அதன் பிறகு எந்தக் கல்யாணப் பத்திரிகையும் அக்கா வீட்டுக்கு வரவில்லை.

கடைசி நாட்களில் அக்கா தென்காசி ஆஸ்பத்திரியில் இருந்தார். பெரிய அத்தான் ஆப்பிள் பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நானும் அங்கேதான் நின்றேன்.

"நீ சொன்ன அன்னைக்கே நானும் முறுக்கிப் பாத்தேன் தாயி. நகம் தட்டத்தான் செஞ்சுது. வெல கொறச்சலுன்னு நாந்தான் ஏமாந்து வாங்கிட்டேன். கடைக்காரன்ட்ட அத எப்படிச் சொல்லுதது?"

அக்கா கோபப்படவில்லை. "இத நாலு பேரு முன்னால சொல்லிருங்க அத்தான். எனக்கு அது போதும்" என்றார்.

"இப்ப எதுக்குப் பழசக் கெளறிக்கிட்டு? ஒடம்பப் பாரு."

எழுந்து போய்விட்டார். அக்கா அதன் பிறகும் வார்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் திரும்பிப் பார்ப்பார். "நாலு பேரக் கூட்டிட்டு வருவாருல்லா?" என்று என்னிடம் கேட்பார். வரவில்லை. அக்கா போன பிறகுதான் கோடித் துணியோடு வந்து, எல்லோரையும் விட உரக்க அழுதார். அந்த அழுகையை நான் மன்னிக்கப் போவதில்லை.

அக்காவுக்குத் தலை வாரிவிட்ட நர்சம்மாவுக்கும், தினமும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த எதிர்வீட்டுப் பீவி அக்காவுக்கும், லீவு கிடைத்த மறுநிமிடம் ரயிலேறி வந்த மகனுக்கும் எங்கள் நன்றி. உறவினர்களுக்குச் சொல்ல நன்றி எதுவும் இல்லை.

இந்த மலருக்கான செலவை ஏற்பதாகப் பெரிய அத்தான் சொல்லி அனுப்பினார். நூல் விஷயத்தை மட்டும் எழுத வேண்டாமாம். செலவை நாங்களே பார்த்துக்கொண்டோம். இப்போது இந்த நினைவுக் கூட்டத்தில் அவர் முன்வரிசையில் உங்களோடுதான் உட்கார்ந்திருக்கிறார். நாலு பேருக்கு மேலேயே இருக்கிறீர்கள். அவரிடமே கேளுங்கள்.