நடுக்கோடும் டிரைவிங் சாரும்

கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று என் மனைவி சொன்னபோது சந்தோஷமாகத்தான் தலையாட்டினேன். லாரி ஓட்டியே லாரி வாங்கினவன் நான். என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் சொல்லித் தருவார்கள் என்ற நினைப்பு. அவளோ திருச்செங்கோட்டில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் ஏற்கெனவே சேர்ந்துவிட்டு வந்துதான் பேச்சையே எடுத்திருக்கிறாள்.

"உங்களுக்குப் பொறும பத்தாதுங்க" என்றாள். அது உண்மைதான். உண்மை என்பதால்தான் அப்படி எரிந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சார் என்று ஒருவர் குடிவந்துவிட்டார். சாப்பிட உட்கார்ந்தால் சார், டிவி போட்டால் சார். "எங்க சார் சொன்னாருங்க, கண்ணாடியப் பாக்காம வண்டிய எடுக்கவே கூடாதுன்னு." "எங்க சார் சொன்னாருங்க, ஹாரன் இருக்கறது கோவத்தக் காட்டறதுக்கு இல்லீன்னு." எங்க சாராம்! கல்யாணமான நாளிலிருந்து நானும் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். எங்க ஊட்டுக்காரர் சொன்னாரு என்று அவள் யாரிடமாவது பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒருநாள் அந்தச் சாரைப் பார்த்தும் தொலைத்தேன். எங்கள் தெருமுனையில் அவள் காரைப் பின்னால் எடுத்து, இரண்டு பைக்குகளுக்கு நடுவே இடிக்காமல் நிறுத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் கை தட்டினான். என்னைவிடச் சின்னவன். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, தலை நிறைய முடி. அவள் புதுப்பெண் மாதிரி வெட்கப்பட்டுச் சிரித்தாள். நான் என் தலையைத் தடவிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டேன். அன்றைக்குச் சாம்பாரில் உப்பு சரியாக இருந்தும் கம்மி என்று சண்டை போட்டேன்.

கோட்டு விவகாரம் வந்தது அந்த வாரம்தான்.

"ரோட்டு நடுவுல வெள்ளக் கோடு விடாமப் போட்டிருந்தா அதத் தாண்டக் கூடாதுங்களாமா. சட்டமாமுங்க."

"அது பெயிண்ட்டு புள்ள. காண்ட்ராக்டர் அடிச்சுட்டுப் போறான், மழைக்கு அழியுது. அழியறதெல்லாம் சட்டமா?"

"எங்க சார் சொன்னாருங்க."

லாரிக்காரனுக்கு ரோட்டில் உள்ள சட்டமே வேறு. முன்னால் போகிறவனின் கைதான் அது. பெரிய வண்டிக்குப் பின்னால் வருகிறவனுக்கு எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. முன்னால் இருப்பவனுக்குத் தெரியும். அவன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி முன்பக்கம் வீசினால், எதிரே ஒன்றுமில்லை, என்னை முந்தி ஏறிப் போ என்று அர்த்தம். முகம்கூடத் தெரியாத அந்தக் கையை நம்பித்தான் நாங்கள் மலைப்பாதைகளில்கூட ஏறி இறங்கியிருக்கிறோம். கோட்டைப் பார்த்து வண்டி ஓட்டியவனை நான் அதுவரை கண்டதில்லை.

இதை விடக்கூடாது என்று டிரைவிங் ஸ்கூலுக்கே போனேன். அவன் எழுந்து நின்று, "வாங்ணா, உக்காருங்ணா" என்றான். அந்த மரியாதையும் எனக்குப் பிடிக்கவில்லை.

"ஏந்தம்பி, ரோட்டுல போட்ட கோடு சட்டமா, இல்ல சும்மா ஒரு அடையாளமா?"

"விட்டு விட்டுப் போட்டிருந்தா, எதிர பாத்துத் தாண்டிக்கலாமுங்ணா. விடாமப் போட்டிருந்தா போர்டு வெச்ச மாதிரிதான், தாண்டுனா குத்தம். ரெண்டு கோடும் ஒட்டி இருந்தா, நம்ம பக்கத்துக் கோடுதான் நமக்குக் கணக்குங்ணா."

"முன்னால போறவன் கை காட்டுனா?"

"கை காட்டுனது அவருதானுங்ணா. ஆனா தாண்டுனது நீங்கதான?"

அவனே எனக்கு டீ வாங்கி வர ஆள் அனுப்பினான். "அக்கா நல்லா ஓட்டறாங்கண்ணா" என்று வேறு சொன்னான். அக்கா என்றதும் என் வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. பேச்சில் ஒரு தப்பாவது பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று வந்தவன், அவன் வாங்கித் தந்த டீயையும் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அவளுக்கு லைசென்ஸ் வந்த பிறகு, ஆட்டையாம்பட்டியில் சொந்தத்தில் ஒரு வீட்டு விசேஷம். எங்கள் கார் சாவியைக் கேட்டாள். தரவில்லை. நானே ஓட்டினேன்.

மல்லசமுத்திரம் தாண்டியதும் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய டெம்போ ஒன்று எங்களுக்கு முன்னால் ஊர்ந்தது. ரோடு வளைகிற இடம். நடுவில் கோடு விடாமல் ஓடியது. அவள் அந்தக் கோட்டை மட்டும் பார்த்தாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அப்போது டெம்போவின் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து முன்பக்கம் வீசியது.

"பாத்துக்க, இதெல்லாம் உங்க சாருக்குத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே ஏறினேன்.

டெம்போவுக்குச் சமமாக வந்த பிறகுதான் பார்த்தேன். அந்த டிரைவர் மடியில் தண்ணீர் பாட்டில். வாயைக் கொப்பளித்துவிட்டு ஈரக் கையை உதறியிருக்கிறான். எதிரே பஸ். பஸ்காரர் வண்டியை மண்ணில் இறக்கினார், டெம்போக்காரன் பிரேக் போட்டான், நான் நடுவில் எப்படிப் புகுந்து வெளியே வந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. ஒரு கீறல்கூட விழவில்லை. பஸ் கண்டக்டர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டியது மட்டும் தெளிவாகக் கேட்டது.

கொஞ்ச தூரம் போய் ஓரங்கட்டினேன். இப்போது எங்க சார் என்று ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தேன். ஆரம்பித்திருந்தால் நானும் கத்தியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். அவள் இறங்கி, சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்து நின்றாள். நான் இடம் மாறினேன். பெல்ட் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, வண்டியை எடுத்தாள்.

"அந்த டிரைவிங் ஸ்கூல் மனுசன் மேல எதுக்குங்க உங்களுக்கு இத்தன கோவம்?" என்றாள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மொத நாளு, எதுக்குங்க்கா ஓட்டக் கத்துக்கறீங்கன்னு கேட்டாரு. எங்க ஊட்டுக்காரரு பக்கத்துல உக்கார பயமா இருக்குதுங்கன்னு சொன்னேன்."

"எப்பருந்து?"

"கண்ணாலம் ஆனதுல இருந்துங்க. நீங்க ஏறிப் போறப்பெல்லாம் கண்ண மூடிக்குவேன்."

நான் ஓட்டினால் அலுங்காமல் குலுங்காமல் போகும், வண்டியில் ஏறியதும் என் பெண்டாட்டி தூங்கிவிடுவாள் என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல அம்மிணி?"

"நீங்க சிரிச்சிருப்பீங்க" என்றாள். "அவரு சிரிக்கலீங்க."

அதுவரை அவன்மேல் எனக்கு இருந்தது வெறும் எரிச்சல். பொறாமை அப்போதுதான் வந்தது. இன்னும் போகவில்லை.