அண்ணியின் கம்ப்யூட்டருக்கு வேகம் வைத்தவன்

அவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் அட்டையிலும் ஓட்டுநர் உரிமத்திலும் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவன் ஸ்பீடு. சின்ன வயதிலேயே ஒட்டிக்கொண்ட பெயர். மற்றவர்கள் தட்டில் கை வைப்பதற்குள் அவன் கை கழுவிவிட்டு வந்து நிற்பான். பரீட்சை ஹாலிலிருந்து முதல் ஆளாக வெளியே வருவதும் அவன்தான். மார்க் வரும்போது கடைசி ஆளாக நிற்பதும் அவன்தான். படிப்பு பாதியில் நின்று, மூன்று நான்கு வேலை மாறி, கடைசியில் பார்சல் வண்டி ஓட்டப் போனான். அந்த வேலைக்கு அவனை விட்டால் ஆளில்லை.

அவனுடைய அண்ணன் நேர்மாறு. கட்டுமான இடங்களில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒரு வார்த்தை பேசுவதற்குள் இரண்டு முறை யோசிப்பார். அப்படிப்பட்டவர்தான் ஒருநாள் கிரேன் ஏணியில் கால் தவறி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். உயிர் பிழைத்தார். நடக்கிறார், ஆனால் சுவரைப் பிடித்துக்கொண்டு. கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல உட்கார்ந்தால் வலி பின்னி எடுத்துவிடும்.

குடும்பம் அதற்கப்புறம் அண்ணி தலையில் வந்து நின்றது. அண்ணி ஒரு கட்டிட நிறுவனத்தில் வரைபடம் போடுகிறவள். இன்னும் கட்டாத கட்டிடத்தைக் கட்டி முடித்த மாதிரி கம்ப்யூட்டரில் காட்டுவாள். சுவர், ஜன்னல், படிக்கட்டு, மாடியில் விழும் வெயில் எல்லாம் அதில் இருக்கும். புருஷனைத் தனியாக விட்டுவிட்டு ஆபீஸ் போக முடியாது என்று அவள் சொன்னதற்கு, வீட்டிலிருந்தே செய்து அனுப்பச் சொன்னார்கள். சம்பள ஆளாக இருந்தவள் வேலைக்கு வேலை கூலி வாங்கும் ஆளானாள். ஆனால் அதற்கு வீட்டில் நல்ல கம்ப்யூட்டர் வேண்டும்.

"அத எங்கிட்ட விடுங்க அண்ணி" என்றான் ஸ்பீடு.

கம்ப்யூட்டர் சேர்ப்பது ஒன்றுதான் அவன் ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்ட வேலை. வண்டி ஓடாத நாளெல்லாம் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றது. அண்ணனுடைய படுக்கையறை மூலையில் ஒரு மேஜையைப் போட்டு, பெட்டி, மதர்போர்டு, ரேம் என்று ஒவ்வொன்றாக வாங்கி வந்து பொருத்தினான். கட்டிலில் சாய்ந்தபடி அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் முதல் வெளிச்சம் வந்ததும் அண்ணி கை தட்டினாள். அந்த வீட்டில் அவனுக்காக யாரும் கை தட்டி அதற்கு முன் அவன் பார்த்ததில்லை.

கொஞ்ச நாளில் படங்கள் பெரிதாகப் பெரிதாக, இருந்த ரேம் போதவில்லை. வேலை செய்யும்போது கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் பரப்பி வைத்துக்கொள்ளும் இடம் அது. இடம் குறைந்தால் திணறும். கேம் சென்டர் ஒன்றை மூடப்போன ஆளிடமிருந்து இன்னும் இரண்டு ரேம் வாங்கி வந்தான் ஸ்பீடு. பழைய இரண்டு ஒரு கம்பெனி, புதிய இரண்டு வேறு கம்பெனி. போர்டில் இருந்த நான்கு இடமும் நிறைந்தது.

அதோடு விட்டிருக்கலாம். ரேம் மேல் என்ன வேகம் எழுதியிருந்தாலும், போர்டு தானாக அதை மெதுவாகத்தான் ஓட்டும். எழுதிய வேகம் வேண்டுமென்றால், கம்ப்யூட்டர் கண் விழிக்கும் நேரத்தில் ஒரு பொத்தானைத் தட்டி, பயோஸ் என்கிற அமைப்புத் திரைக்குள் போய் நாமே மாற்ற வேண்டும். ஸ்பீடு உள்ளே போய்ப் பார்த்தான். 2133 என்று இருந்தது. ரேமில் எழுதியிருந்தது 3600.

"பாருண்ணே, ரேஸ் குதிரைய வாங்கி வந்து மாட்டு வண்டியில கட்டி வெச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே 3600-க்கு மாற்றினான்.

அடுத்த வாரத்திலிருந்து தொல்லை ஆரம்பித்தது. அண்ணி வரைந்துகொண்டிருக்கும்போதே நிரல் தானாக மூடிக்கொள்ளும். சில சமயம் திரை முழுக்க நீலமாகி நின்றுவிடும். ஸ்பீடு விண்டோஸை அழித்து மறுபடி ஏற்றினான். கரண்ட் பெட்டியை மாற்றினான். சூடாக இருக்கும் என்று பெட்டியின் பக்கத்துத் தகட்டைக் கழற்றி, அண்ணனுக்கு வைத்திருந்த மேஜை விசிறியைக் கம்ப்யூட்டருக்குத் திருப்பி வைத்தான்.

"எனக்குக்கூட ஆஸ்பத்திரியில இவ்வளவு டெஸ்ட் எடுக்கலடா" என்றார் அண்ணன்.

எதையெதையோ சந்தேகப்பட்டவன் ரேமை மட்டும் சந்தேகப்படவில்லை. அது அவன் தேடிப் பிடித்து வாங்கியது. கடைசியாக ஒரு கேபிளை மாற்றிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் சாதுவாகிவிட்டது. வாரக்கணக்கில் ஒரு புகாரும் இல்லை. அந்தக் கேபிள் கதையை அவன் பார்சல் ஆபீஸில் சொல்லாத ஆளில்லை.

அந்தச் சமயத்தில்தான் அண்ணிக்குப் பெரிய வேலை வந்தது. ஒரு மருத்துவமனை முழுவதையும் வரைய வேண்டும். தளத்துக்குத் தளம், வார்டுக்கு வார்டு. இது சரியாக முடிந்தால் அவளை மறுபடி சம்பள ஆளாக எடுத்துக்கொள்வதாகவும், வீட்டிலிருந்தே செய்யலாம் என்றும், தலைமைப் பொறியாளர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அண்ணி அதைச் சொன்ன விதத்திலேயே, அண்ணன் விழுந்ததற்கப்புறம் முதல் தடவையாக அவள் நிம்மதியாக மூச்சு விடுவது தெரிந்தது.

ஒரு மதியம் அண்ணி அண்ணனை இடுப்புப் பயிற்சிக்கு அழைத்துக்கொண்டு போயிருந்தாள். அந்தப் பக்கம் பார்சல் கொடுக்க வந்த ஸ்பீடு, தன்னிடமிருந்த சாவியால் வீட்டைத் திறந்து, பெட்டிக்குள் சேர்ந்திருந்த தூசியைத் துடைத்துவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்தான். பெரிய வேலை நடக்கிறது, கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டக் கூடாது பார். துடைத்து முடித்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பயோஸுக்குள் ஒரு எட்டு பார்த்தான்.

2133.

'அட, போர்டுல இருக்கிற சின்ன பேட்டரி வீக்காகி எல்லாத்தையும் மறந்துடுச்சு போல' என்று நினைத்துக்கொண்டான். அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. பாவம் அண்ணி, இத்தனை நாளும் இந்த நொண்டி வேகத்திலேயே வேலை செய்திருக்கிறாள். மறுபடி 3600 வைத்தான். சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. நாளைக்குக் கம்ப்யூட்டர் பறக்கும்போது அவளே கேட்கட்டும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று, கதவைப் பூட்டிக்கொண்டு வண்டியில் ஏறினான். அன்று முழுக்க அவன் மனசுக்குள் ஒரு குஷி.

அண்ணி கேட்கவில்லை. இரண்டொரு தடவை நிரல் மூடிக்கொண்டதாம். படம் பெரிசு, அதனால்தான் என்று அவள் நினைத்துக்கொண்டாளாம். ஒவ்வொரு நாளும் வேலையைச் சேமித்து, தனி டிஸ்க்கில் ஒரு பிரதியும் எடுத்து வைத்தாள். அவள் தன் பக்கம் எந்தத் தப்பும் வைக்கவில்லை.

வேலையை ஒப்படைத்த மறுநாள் காலை, பார்சல் ஆபீஸ் வாசலில் வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது அண்ணியின் போன் வந்தது. "தம்பி, கொஞ்சம் வர முடியுமா?" என்றாள். அவ்வளவுதான். அந்தக் குரலுக்கு அவன் பார்சல்களை அப்படியே போட்டுவிட்டு வந்தான்.

மருத்துவமனைக்காரர்கள் எல்லாரும் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் கோப்பைத் திறந்திருக்கிறார்கள். முதல் இரண்டு தளம் வந்தது. மூன்றாவது தளத்தில் பாதிச் சுவரைக் காணோம். படிக்கட்டு அந்தரத்தில் தொங்கியது. அதற்கு மேல் கோப்பு பழுது என்று சொல்லி நின்றுவிட்டது. வேறு பிரதி அனுப்பு என்று பொறியாளர் போனில் கத்த, அண்ணி டிஸ்க்கிலிருந்த பிரதிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்திருக்கிறாள். ஒன்று திறக்கவே இல்லை. இன்னொன்று வெறும் சாம்பல் நிறமாக வந்தது. பழைய பிரதிகள் சில ஒழுங்காகத் திறந்தன. ஆனால் அவற்றில் ஆஸ்பத்திரி அஸ்திவாரத்தைத் தாண்டவில்லை.

ஸ்பீடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பின்னால் அண்ணி நின்றாள். கட்டிலில் அண்ணன். அவன் கம்ப்யூட்டரை நிறுத்தி, மறுபடி போட்டு, பழக்கதோஷத்தில் பயோஸுக்குள் நுழைந்தான். திரையின் ஓரத்தில் 3600 நின்றது.

"இது எப்படி இங்க வந்துச்சு?" என்றாள் அண்ணி. "இத நான் குறைச்சு வெச்சிருந்தேனே."

அவனுக்கு முதலில் புரியவில்லை. "எத?"

"இந்த வேகத்ததான். நாலு ரேம், அதுவும் வேற வேற கம்பெனி, இவ்வளவு வேகத்துல ஓடினா எழுதுறத தப்பா எழுதும்னு படிச்சேன். குறைச்சு வெச்சதுக்கப்புறம்தானே ஒழுங்காச்சு."

அப்போது சரியானது கேபிளால் இல்லை. அவன் மாற்றிய எதனாலும் இல்லை. ஸ்பீடின் காது இரண்டும் சூடாகிவிட்டன.

"நான்தான் அண்ணி" என்றான். "தூசி தட்ட வந்தேன். பேட்டரி போயி தானா மாறியிருக்கும்னு நெனச்சு... நான்தான் ஏத்தி வெச்சேன்."

"என்னைக்கு?"

அவன் சொன்னான். அண்ணி டிஸ்க்கில் இருந்த பிரதிகளின் தேதிகளைப் பார்த்தாள். அவன் வந்துபோன நாளுக்கு முன்னால் எடுத்தவை எல்லாம் திறந்தன.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தம்பி."

"நீங்களும் குறைச்சத சொல்லலையே அண்ணி!" வாய் தவறி வந்துவிட்டது. சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான்.

அண்ணி கோபப்படவில்லை. "நீ ஆசையா வெச்சது. குறைச்சேன்னு சொன்னா உன் மனசு கஷ்டப்படும்னு விட்டுட்டேன்" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள். வெகுநேரம் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அண்ணி இரண்டு நாள் ஆபீஸுக்கு நடையாய் நடந்தாள். இன்னும் கொஞ்ச நாள் கொடுங்கள், மறுபடி போட்டுத் தருகிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். ரேம், வேகம், பயோஸ் என்று அவள் விளக்கியதைத் தலைமைப் பொறியாளர் பொறுமையாகத்தான் கேட்டாராம். "புரியுதும்மா. ஆனா கூட்டத்துல சிரிச்சவங்ககிட்ட போயி நான் இதச் சொல்ல முடியாது" என்றாராம். வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சின்ன வேலைகூட அனுப்பவில்லை. அவள் போன் செய்தால், மீட்டிங்கில் இருக்கிறார் என்ற பதில்தான் வந்தது.

ஸ்பீடு வேலைக்கு லீவு போட்டுவிட்டு, ரேமைச் சோதிக்கும் நிரலை ஏற்றி ஒரு பகல் முழுக்க ஓடவிட்டான். 3600-இல் பிழையைக் காட்டும் சிவப்புக் கோடுகள் மழை மாதிரி இறங்கின. 2133-இல் ஒரு கோடுகூட இல்லை. இதை அன்றைக்கே செய்திருக்கலாம். சோதிக்கப் பொறுமை வேண்டும். அவனிடம் இல்லாத சாமான் அது ஒன்றுதான்.

"திட்டுண்ணே" என்றான் அண்ணனிடம். "நாலு வார்த்த நல்லா திட்டிடு."

அண்ணன் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். "திட்டினா அந்தச் சுவரெல்லாம் வந்துடுமா?" என்றார். "நான் விழுந்த அன்னைக்கு ஏணியில எண்ணெய் சிந்தினவன் அப்பப்போ வந்து பக்கத்துல உட்கார்ந்துட்டுப் போறான். அவன நான் என்ன பண்ணினேன்? வந்தா டீ போடச் சொல்றேன். உனக்கும் போடச் சொல்றேன், போ."

அதைவிட அறைந்திருந்தால் தேவலை என்று இருந்தது ஸ்பீடுக்கு. அந்த ஆள் வரும்போதெல்லாம் டீயை ஆறவிட்டு, குடிக்காமலே எழுந்து போவதை அவன் பார்த்திருக்கிறான்.

அண்ணி கடைசியில் ஒரு கட்டுமான இடத்தில் அளவு எடுத்து எழுதும் வேலைக்குப் போனாள். விடிவதற்குள் பஸ் பிடிக்க வேண்டும். திரும்பும்போது புடவை, தலை எல்லாம் சிமெண்ட் தூசி. பகலெல்லாம் அண்ணன் தனியாகக் கிடந்தார். ஒருமுறை குளியலறையில் வழுக்கி, அவள் வரும்வரை தரையிலேயே இருந்தார். அதற்குப் பிறகு மதிய நேரத்தில் ஸ்பீடு வந்து பார்த்துவிட்டுப் போகலானான். பார்சல் கொடுத்து முடிக்க நேரமாகிறது என்று பார்சல் ஆபீஸில் ஏச்சு. ஸ்பீடு என்று பெயர் வைத்தவன் எவன்டா என்று மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் கேட்டார்.

கம்ப்யூட்டர் மேஜையிலேயே இருந்தது. அவன் கூடுதலாக வாங்கி வந்த இரண்டு ரேமையும் கழற்றிவிட்டான். இப்போது அது ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது. அதைப் போட்டுப் பார்க்கத்தான் ஆளில்லை. மழைக்காலத்தில் அண்ணன் தன் துண்டுகளை அதன் மேல் காயப்போட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அண்ணி சொன்னாள். "தம்பி, எங்க சைட் ஆபீஸ்ல ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. ஒரு கோப்ப திறக்கறதுக்குள்ள தூக்கமே வந்துடுது. யாராவது கை வெச்சு சரி பண்ணினா, என்னை வெயில்ல நிக்க விடாம உள்ள உட்கார்த்தி வரையச் சொல்லுவாங்க. நீ ஒருநாள் வந்து பாக்கறியா?"

அவள் சும்மா கேட்கவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது. அவன்மேல் வருத்தமில்லை என்று அவள் சொல்லும் விதம் அது. அண்ணனும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவன் முகத்தையே பார்த்தார்.

ஸ்பீடு கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது அண்ணி" என்றான்.

"உனக்கா தெரியாது?" அண்ணி சிரிக்கப் பார்த்தாள்.

"தெரியாது அண்ணி. வேற யாரையாவது பாருங்க."

அண்ணன் தட்டுக்குத் திரும்பினார். அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து, அடுப்படித் தொட்டிக்கு முன்னால் போய் நின்று குழாயைத் திறந்துவிட்டான்.